எடைக் குறைப்பு மருந்து: பசி அடங்கியிருக்கும் மாதங்களில் செய்ய வேண்டியவை
வாசகர் கேள்வி – பதில்

வாரம் ஒருமுறை போடும் எடைக் குறைப்பு ஊசிகளான மவுன்ஜாரோ 2025 மார்ச்சிலும் வீகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. அதன்பிறகு எடைக் குறைப்பு பற்றி வரும் கேள்விகளின் போக்கே மாறிவிட்டது. ‘சில மாதம் மட்டும் போட்டுக்கொண்டு நிறுத்திவிடலாமா?’ என்பதுதான் பெரும்பாலானோரின் கேள்வி. அதை ஒட்டிய சில கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

என் மகளுக்கு வயது 26. உயரம் 158 செ.மீ., எடை 78 கிலோ. தை மாதம் கல்யாணம். மூன்று மாதம் மட்டும் வாராந்திர ஊசி போட்டு 10 கிலோ குறைத்துவிட்டு நிறுத்திவிடுகிறேன் என்கிறாள். சரியாக வருமா?
– வாசகி, திண்டுக்கல்

உங்கள் மகளின் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்பதைக் காட்டும் குறியீடு) 31. மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டிய நிலைதான், அதில் தவறில்லை. மூன்று மாதக் கணக்குதான் ஒத்துவராது.

செமாக்ளூடைடு ஊசியை (வீகோவி) எடுத்த எடுப்பில் முழு அளவில் போட முடியாது. முதல் நான்கு வாரம் 0.25 மி.கி., அடுத்த நான்கு வாரம் 0.5, பிறகு 1, அதன்பின் 1.7 என்று ஏற்றிக்கொண்டு போய், 17ஆவது வாரத்தில்தான் 2.4 மி.கி.க்கு வர வேண்டும். முதல் மாத அளவு எடையைக் குறைப்பதற்கானதே அல்ல, வயிறு பழகுவதற்கானது. மூன்று மாதம் முடியும்போது உங்கள் மகள் பாதிப் படிதான் ஏறியிருப்பார். பெரிய ஆய்வில் கிடைத்த சராசரி 14.9 சதவீத எடைக் குறைவும் 68 வாரத்தில் வந்தது. 78 கிலோவில் 10 கிலோ என்றால் 13 சதவீதம். அதை 12 வாரத்தில் எதிர்பார்த்து அளவை அவசரமாக ஏற்றினால் வாந்தியும் மயக்கமும்தான் மிச்சம். பட்டினி கிடந்து வேகமாகக் குறைத்தாலும் பிரச்னை இருக்கிறது: அதனால் வரும் முடி உதிர்தல் உடனே தெரியாது, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தலைகாட்டும். இவர் விஷயத்தில் அது கல்யாண நேரமாக இருக்கும்.

கல்யாணப் பெண் என்பதால் இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். கர்ப்பம் தரிக்கத் திட்டமிட்டால் செமாக்ளூடைடை குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்திவிட வேண்டும். டிர்செபடைடு (மவுன்ஜாரோ) போடுபவர்களுக்குக் கருத்தடை மாத்திரையின் வேலை குறையலாம். அதனால் ஊசி தொடங்கியதும் நான்கு வாரம், ஒவ்வொரு முறை அளவைக் கூட்டும்போதும் நான்கு வாரம் ஆணுறை போன்ற மாற்று வழி தேவை. பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) இருந்து மாதவிலக்கு தள்ளிப்போகும் பெண்களுக்கு, எடை குறையும்போதே கருமுட்டை ஒழுங்காக வெளிப்படத் தொடங்கிவிடும். எதிர்பாராத கர்ப்பம் இப்படியும் நேர்கிறது.

முகூர்த்த நாளை மறந்துவிட்டு டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று மாதத்தில் 4 கிலோ குறைந்தாலே அது எடையில் 5 சதவீதம். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் அந்த அளவிலேயே இறங்கத் தொடங்கும்.

ஆர்லிஸ்டாட் 120 மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இரண்டே நாளில் உள்ளாடையில் எண்ணெய்க் கறை, அவசரமாகக் கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. நிறுத்திவிடட்டுமா?
– வாசகர், ஈரோடு

மாத்திரை வேலை செய்வதன் அடையாளம் அது. ஆர்லிஸ்டாட் பசியைத் தொடாது. குடலில் கொழுப்பைச் செரிக்கும் நொதியைத் தடுத்து, சாப்பிட்ட கொழுப்பில் சுமார் 30 சதவீதத்தை அப்படியே வெளியேற்றிவிடும். பஜ்ஜியும் தேங்காய்ச் சட்னியும் சாப்பிட்டால் வெளியேறும் எண்ணெயும் அதிகமாகத்தான் இருக்கும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் கிட்டத்தட்ட 5 கிராம் கொழுப்பு. ஒருவேளை உணவில் மொத்தக் கொழுப்பு 15 கிராம் அளவில் நின்றால் இந்தத் தொல்லை பெருமளவு அடங்கிவிடும். குடும்பத்துக்கு வாங்கும் எண்ணெயை மாதம் தலைக்கு அரை லிட்டர் என்று அளந்து வைத்துவிட்டால், தினமும் கணக்குப் பார்க்கும் வேலை இல்லை.

சாப்பிடும்போது அல்லது சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் மாத்திரையைப் போடுங்கள். ஒருவேளை சாப்பிடவில்லை, அல்லது அதில் கொழுப்பே இல்லை என்றால் அந்த வேளை மாத்திரை வேண்டாம். ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் கொழுப்போடு சேர்ந்து போய்விடும் என்பதால் மல்டிவைட்டமினை இரவு படுக்கும்போது போடுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். வார்ஃபரின் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை), வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 12 வாரத்தில் எடை 5 சதவீதம்கூடக் குறையவில்லை என்றால் இந்த மாத்திரை உங்களுக்கு ஒத்துவரவில்லை, தொடர்வதில் பயனில்லை.

வயது 52. சர்க்கரைக்கு கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்ளிபோஸ் மூன்றும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறேன். வாராந்திர ஊசி தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. காலையில் சாப்பாடு இறங்கவில்லை, பதினோரு மணிக்கு வியர்த்துக் கொட்டிக் கை நடுங்குகிறது.
– வாசகர், மதுரை

இது லோ சுகராக இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்த மாத அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள், இன்றே டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். ஊசி தனியாக இருந்தால் சர்க்கரையை இப்படித் தாழ்த்துவது அரிது. கிளிமிபிரைடு நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கவைக்கும். ஊசியால் உணவு பாதியானபிறகும் அந்த மாத்திரை பழைய அளவிலேயே ஓடுவதுதான் சிக்கல். அளவைக் குறைப்பதா நிறுத்துவதா என்று டாக்டர் முடிவு செய்வார். இன்சுலின் போடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

நடுக்கம் வரும்போது குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு 15 கிராம். வீட்டுச் சர்க்கரை, மிட்டாய், பிஸ்கட் உங்களுக்கு உதவாது. வோக்ளிபோஸ் சர்க்கரை உடைந்து செரிப்பதையே தாமதப்படுத்தும். அதனால்தான் குளுக்கோஸாகவே எடுக்க வேண்டும். சட்டைப் பையில் ஒரு பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். உங்களுக்கு என்ன தர வேண்டும் என்பது வீட்டில் உள்ளவர்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

ஊசி போடும்போதே நல்ல பழக்கத்தையும் வளர்த்துக்கொள்ளுங்கள் என்கிறார் டாக்டர். எனக்கு இப்போது பசியே இல்லை. ஒரு வேளைதான் சாப்பிடுகிறேன், எடையும் நன்றாகக் குறைகிறது. இதைவிட என்ன பழக்கம் வேண்டும்?
– வாசகி, கோயம்புத்தூர்

நாங்கள் பயப்படுவது இதற்குத்தான். சாப்பிடாமல் இருப்பதை நீங்கள் பழகிக்கொள்ளவில்லை, மருந்து உங்களைச் சாப்பிட விடாமல் வைத்திருக்கிறது. மருந்து நின்று பசி திரும்பும் நாளில் இது கைகொடுக்காது. அதற்குள் உடம்பு தசையை இழந்திருக்கும். இந்த ஊசிகளில் குறையும் எடையில் கால் பங்கு முதல் 40 சதவீதம் வரை கொழுப்பல்லாத திசு என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. புரதமும் தசைப் பயிற்சியும் இல்லாமல் ஒரு வேளைச் சாப்பாட்டில் ஓட்டினால் அந்தப் பங்கு கூடத்தான் செய்யும்.

பசி அடங்கியிருக்கும் இந்த மாதங்கள், ஆசையோடு மல்லுக்கட்டாமல் தட்டை மாற்றி அமைக்கக் கிடைத்த வாய்ப்பு. மூன்று வேளையும் உட்காருங்கள், கொஞ்சமாக, புரதத்தை முதலில் சாப்பிடுங்கள். 65–70 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு 75 கிராம் புரதம் நல்ல இலக்கு. (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டர் சொல்லும் அளவில் நிற்க வேண்டும்.) காலையில் இரண்டு இட்லியில் 4 கிராம்தான் இருக்கிறது. பருப்பு கெட்டியான ஒரு கிண்ணம் சாம்பாரும் இரண்டு முட்டையும் சேர்ந்தால் 20ஐத் தொடும். மதியம் 100 கிராம் மீன், ஒரு கரண்டி கெட்டிப் பருப்பு, ஒரு கிண்ணம் தயிர், ஒரு கப் சாதம் என்றால் 30க்கு மேல் போகும். சாயங்காலம் ஒரு கைப்பிடி கொண்டைக்கடலைச் சுண்டல் 6 கிராம். இரவு இரண்டு சப்பாத்திக்கு, உலர்ந்த எடையில் 25 கிராம் மீல் மேக்கர் போட்ட குருமா வைத்தால் இன்னொரு 18, 19 கிராம். சைவர்கள் மீனுக்குப் பதில் 100 கிராம் பனீரும், முட்டைக்குப் பதில் பச்சைப்பயறு அடையும் வைத்துக்கொள்ளலாம். முழுதும் இறங்கவில்லையா? மீதி வைக்க வேண்டியது சாதத்தையும் சப்பாத்தியையும்தான்.

தசைப் பயிற்சிக்கு ஜிம் வேண்டியதில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது 10 முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 10 முறை, தண்ணீர் நிரப்பிய இரண்டு லிட்டர் பாட்டிலைக் குனிந்து இடுப்பு வரை இழுத்துத் தூக்குவது ஒவ்வொரு கையிலும் 10 முறை. இது ஒரு சுற்று. மூன்று சுற்று, வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு. சுலபமாகிவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள், பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்திருங்கள். கனம் கூடினால்தான் தசை நிற்கும்.

பழக்கம் 21 நாளில் வரும் என்று பரவலாகச் சொல்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கத் தொடங்க எடுத்துக்கொண்ட காலத்தின் நடு அளவு 66 நாள். ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை மாறியது. ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை. எனவே ஒரே சமயத்தில் ஐந்து பழக்கத்தை இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒன்றோடு புதியதைக் கட்டுங்கள். ‘இரவு சாப்பிட்டுத் தட்டைக் கழுவியதும் செருப்பைப் போட்டு 15 நிமிடம் நடப்பேன்’ என்பது நிற்கும். ‘தினமும் நடக்க வேண்டும்’ என்பது நிற்காது. டீயோடு மிக்ஸர் கொறிப்பவர், டீ போட அடுப்பைப் பற்றவைக்கும்போதே சுண்டல் கிண்ணத்தை எடுத்து வெளியே வைத்துவிட வேண்டும்.

குமட்டல், மலச்சிக்கல் தாங்க முடியவில்லை.
– வாசகி, தஞ்சாவூர்

ஊசி, வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. பழைய அளவில் சாப்பிட்டால் மேலே எதுக்களிக்கும். பாதி அளவு, எண்ணெய் குறைவு, முதல் நிறைவு உணர்வு வந்ததும் நிறுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டதும் படுக்க வேண்டாம். தண்ணீரை உணவோடு மடமடவென்று குடிக்காமல் நாள் முழுக்கப் பிரித்து இரண்டு லிட்டருக்குக் குறையாமல் குடியுங்கள் (இதய, சிறுநீரக நோயாளிகள் தவிர). கீரை, கொய்யா, அவரைக்காய் மலச்சிக்கலுக்கு உதவும். அளவை ஏற்றிய வாரத்தில்தான் குமட்டல் அதிகம், அதனால் ஏற்றுவதைத் தள்ளிப்போட டாக்டரிடம் கேளுங்கள். மேல்வயிற்றில் கடுமையாக வலித்து முதுகுக்குப் பரவினாலோ, வலது விலாவுக்குக் கீழே வலி வந்தாலோ, தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி எடுத்தாலோ உடனே ஆஸ்பத்திரி. கணைய அழற்சி, பித்தப்பைக் கல், நீர்ச்சத்து இழப்பு மூன்றும் இந்த ஊசிகளோடு வரக்கூடியவை.

ஆன்லைனில் ‘மூலிகை ஸ்லிம்மிங் காப்ஸ்யூல்’ மலிவாகக் கிடைக்கிறதே?
– வாசகர், திருநெல்வேலி

வாங்காதீர்கள். இதயத்துக்கு ஆபத்து என்று இந்தியா 2011இல் தடை செய்த சிபுட்ரமின் என்ற பசியடக்கும் மருந்து, மூலிகை என்று விற்கப்படும் காப்ஸ்யூல்களில் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. தைராய்டு சரியாக இருக்கும்போது எடைக்காகத் தைராய்டு மாத்திரை போடுவதும் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும்.

எட்டு மாதத்தில் 11 கிலோ குறைந்தேன். நிறுத்திப் பதினைந்து நாள் ஆகிறது. பசி கூடவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், சென்னை

இன்னும் இல்லை. செமாக்ளூடைடு உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும், டிர்செபடைடுக்கு ஐந்து நாள். முழுதும் வெளியேற ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம். உண்மையான பசி அதன்பிறகுதான் தெரியும். முதல் மாதம் முடிந்து இரண்டாம் மாதத்தில் கவனமாக இருங்கள்.

உண்மையை மறைக்காமல் சொல்கிறோம்: நிறுத்தினால் எடை ஏறுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. செமாக்ளூடைடை நிறுத்தியவர்களுக்கு ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. டிர்செபடைடு ஆய்வில் 36 வாரத்தில் 20.9 சதவீதம் குறைந்தவர்களில், மருந்தை நிறுத்தியவர்களுக்கு அடுத்த 52 வாரத்தில் 14 சதவீதம் ஏறியது. தொடர்ந்தவர்களுக்கு மேலும் 5.5 சதவீதம் குறைந்தது. இதை மனவுறுதிக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். எடை குறைந்த உடம்பில் பசி ஹார்மோன் ஏறும், எரிசக்தித் தேவை இறங்கும். அது உடலியல்.

ஆனால் மருந்துக் காலத்தில் என்ன செய்தோம் என்பதால் வித்தியாசம் வருகிறது. டென்மார்க்கில் இதே வகையைச் சேர்ந்த லிராக்ளூடைடு ஊசியை வைத்து நடந்த ஆய்வில், ஓராண்டு ஊசியோடு முறையான உடற்பயிற்சியும் செய்தவர்கள், எல்லாம் நின்ற அடுத்த ஆண்டில், ஊசி மட்டும் போட்டவர்களைவிட எடையை நன்றாகத் தக்கவைத்தார்கள். நிறுத்தியபிறகு உடற்பயிற்சி தொடங்குவது தாமதம். முதல் ஊசியிலிருந்தே அது ஓட வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது இது. வாரம் ஒரு நாள், அதே கிழமை, காலைக்கடன் முடித்ததும் எடை பாருங்கள், குறித்து வையுங்கள். தாழ்ந்த எடையிலிருந்து 3 கிலோ ஏறினால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள், 8 கிலோ ஏறும்வரை வெட்கப்பட்டு ஒதுங்காதீர்கள். எடை குறைந்தபோது உங்கள் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளைக் குறைத்திருந்தால், நிறுத்திய ஆறு வாரத்தில் இரண்டையும் சோதியுங்கள். சிலருக்கு நீண்ட நாள் மருந்து தேவைப்படும். அது தோல்வி அல்ல. பிரஷர் மாத்திரையை யாரும் மூன்று மாதத்தில் நிறுத்தச் சொல்வதில்லை.

பி.எம்.ஐ. 26, சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது. நானும் ஊசி போடலாமா?
– வாசகி, சேலம்

இந்த ஊசிகளுக்கான வரம்பு பி.எம்.ஐ. 30, அல்லது உடன் நோய் இருந்தால் 27. உங்களுக்கு வாழ்க்கைமுறை மாற்றமே முதல் மருந்து. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியான ஆய்வில், உங்களைப் போன்ற நிலையில் இருந்தவர்களுக்கு உணவு, நடை மாற்றத்தால் மட்டும் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மினைச் சேர்த்தபோதும் அதற்கு மேல் பலன் கூடவில்லை.

கரண்ட் போனால் ஊசி கெட்டுவிடுமா? ஒரு வாரம் மறந்துவிட்டால்?
– வாசகர், வேலூர்

2 முதல் 8 டிகிரியில், ஃப்ரிட்ஜின் நடுத் தட்டில் வையுங்கள். ஃப்ரீசரிலோ ஃப்ரீசரை ஒட்டியோ வேண்டாம், உறைந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். வெளியே 30 டிகிரிக்குள் மவுன்ஜாரோ குப்பி 21 நாள் தாங்கும். சித்திரை வெயிலில் வேலூர் வீட்டு அறை 30ஐத் தாண்டிவிடும் என்பதால் அந்தக் கணக்கை நம்ப வேண்டாம். இரண்டு மணி நேர மின்தடைக்கு ஃப்ரிட்ஜைத் திறக்காமல் இருந்தாலே போதும். பயணத்தில் ஐஸ் பேக்கின் மேல் நேரடியாக வைக்காமல் துணியில் சுற்றி வையுங்கள்.

மறந்துவிட்டால், டிர்செபடைடை நான்கு நாளுக்குள் போடலாம். அதைத் தாண்டினால் விட்டுவிட்டு அடுத்த கிழமைக்குப் போடுங்கள். வீகோவிக்கு, அடுத்த ஊசிக்கு இரண்டு நாளுக்கு மேல் இருந்தால் போடலாம். இரண்டு, மூன்று வாரம் தொடர்ந்து விட்டுப்போனால் பழைய அளவில் மறுபடி ஆரம்பிக்காதீர்கள். வயிறு பழக்கம் விட்டுப் போயிருக்கும், குறைந்த அளவிலிருந்து ஏற வேண்டுமா என்று டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.