மூச்சை எண்ணிவிட்டுப் போனை எடுங்கள்

"நர்சிங் படிக்க பிரிட்டனுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது அக்கா. அடுத்த வாரம் முதல் வார்டுப் பயிற்சி. தலைமைப் பண்பு என்று ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். எனக்குக் கீழே ஒருவர்கூடக் கிடையாது, மாணவி யாருக்குத் தலைமை தாங்குவது? நோயாளியை நன்றாகக் கவனித்துக்கொண்டால் போதாதா? டாக்டரையே பெயர் சொல்லி அழைக்கச் சொல்கிறார்கள், நாக்கு எழவில்லை" என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே நர்ஸாக வந்த புதிதில் நானும் இதையே கேட்டேன், வாய்விட்டு அல்ல, மனதுக்குள். அதுதான் நான் செய்த பிழை.

வந்த முதல் குளிர்காலம். இரவு ஷிப்ட். இடுப்பு எலும்பு அறுவைச் சிகிச்சை முடிந்த ஒரு மூதாட்டி. இரவு 2 மணிக்குப் பார்த்தேன்: மூச்சு நிமிடத்துக்கு 22, ஆக்சிஜன் 95, நாடி 104, இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 108, வெப்பநிலை 37.9. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பயமுறுத்தாது. இங்கே பெரும்பாலான வார்டுகளில் இருக்கும், நோயாளியின் நிலை எவ்வளவு மோசம் என்று புள்ளி போடும் நியூஸ் 2 அட்டவணையில் கூட்டினால் 5 வருகிறது. 5 வந்தால் மருத்துவர் அவசரமாக வந்து பார்க்க வேண்டும், 7 வந்தால் நெருக்கடி. எனக்கு இது தெரியும். போனை எடுத்து என்ன சொன்னேன் தெரியுமா? "மன்னிக்க வேண்டும் டாக்டர், தொந்தரவு செய்கிறேன், அந்த அம்மா கொஞ்சம் சோர்வாகத் தெரிகிறார், உங்களுக்கு நேரம் கிடைத்தால்..." அவர் பாரசிட்டமால் கொடுக்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எண் ஒன்றையும் நான் சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை.

3 மணிக்கு மூச்சு 25, ஆக்சிஜன் 93, நாடி 114, அழுத்தம் 102, காய்ச்சல் 38.3. கூட்டினால் 9. அன்று பொறுப்பிலிருந்த சிஸ்டர் என் கையிலிருந்து போனை வாங்கினார். "இன்ன வார்டிலிருந்து பேசுகிறேன், இவருக்கு ஸ்கோர் 9. இடுப்பு அறுவை முடிந்து இரண்டாம் நாள், ஒரு மணி நேரத்துக்கு முன் 5 இருந்தது. நெஞ்சில் தொற்று, செப்சிஸாக (தொற்றால் உடலே நிலைகுலைவது) இருக்கலாம் என்று நினைக்கிறேன். இப்போதே வந்து பார்க்க வேண்டும், அதற்குள் நான் என்ன தொடங்கட்டும்?" நான்கே வாக்கியம். பத்து நிமிடத்தில் மருத்துவர் கட்டிலருகே நின்றார். மூதாட்டி பிழைத்து வீட்டுக்குப் போனார். ஆனாலும் அந்த ஒரு மணி நேரம் என்னுடையது. என் பணிவு தின்ற நேரம்.

வார்டில் தலைமை என்பதற்கு நான் கண்ட பொருள் அவ்வளவுதான். ஏதோ சரியில்லை என்று முதலில் யார் கண்ணில் படுகிறதோ, அவர் அதைக் கேட்க வேண்டியவர் காதில் விழச் செய்வது. அந்த முதல் கண் பல நேரம் மாணவியுடையதாகவே இருக்கும். பயிற்சி மாணவர்களை இங்கே ஷிப்டின் ஊழியர் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது விதி. ஆகவே ஒருவர் பக்கத்தில் கால்மணி நேரம் உட்கார உங்களுக்கு வாய்க்கும், எங்களுக்கு வாய்க்காது. (ஆள் பற்றாக்குறை நாளில் உங்களையும் கணக்கில் சேர்க்கப் பார்ப்பார்கள். பயிற்சி மேற்பார்வையாளரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.)

அந்த சிஸ்டர் பேசிய முறைக்கு எஸ்பார் என்று பெயர்: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைக்கு வந்தது. வகுப்பில் முதல் மூன்றையும் எல்லோரும் அழகாகச் சொல்லிவிடுவார்கள். நம்மவர்கள் இடறுவது நான்காவதில். மருத்துவருக்கு நான் எப்படிப் பரிந்துரை சொல்வது என்று உள்ளே ஒரு குரல் தடுக்கும். "நீங்கள் வந்து பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்" என்பதை வீட்டில் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பழகுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நான் அப்படித்தான் பழகினேன். எதிர்முனையில் சொன்னதை அவர்கள் சொன்னபடியே திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். அவர்கள் உச்சரிப்பு உங்களுக்குப் புரியாததும் உங்கள் உச்சரிப்பு அவர்களுக்குப் புரியாததும் அங்கேயே தெரிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மூச்சை எண்ணுங்கள். நாடியையும் ஆக்சிஜனையும் கருவி சொல்லிவிடும், மூச்சைக் கண்தான் எண்ண வேண்டும். அதனாலேயே பலர் எண்ணாமல் 16 என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். ஒரு தாளில் வரிசையாக 16, 16, 16 என்று கண்டால் எனக்குச் சந்தேகம் வரும். நோயாளியின் உடல் மோசமாகப் போகும்போது முதலில் மாறுபவற்றில் மூச்சும் ஒன்று. மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பதுபோல் வைத்துக்கொண்டு, அவர் அறியாமல் ஒரு முழு நிமிடம் மார்பைப் பாருங்கள். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சு மாறிவிடும். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரென்று குழம்பிப் பேசினால், நியூஸ் 2 அதற்கு மட்டுமே 3 புள்ளி கொடுக்கிறது. வயதாகிவிட்டது, அப்படித்தான் பேசுவார் என்று தள்ளிவிடாதீர்கள்.

வேலையைப் பகிர்ந்து கொடுப்பது பின்னால் வரும், ஆனால் இப்போதே கவனித்து வையுங்கள். உதவியாளரிடம் "நான்காம் படுக்கையைக் கொஞ்சம் பாருங்கள்" என்றால் அது ஒப்படைப்பு ஆகாது. "பத்து மணிக்கு அவருடைய அழுத்தம் பாருங்கள், மேல் அளவு 100க்குக் கீழே போனால் உடனே என்னிடம் வந்து சொல்லுங்கள்" என்றால் ஆகும். பாடத்தில் சரியான வேலை, சரியான சூழ்நிலை, சரியான ஆள், சரியான அறிவுறுத்தல், சரியான மேற்பார்வை என்று ஐந்து வரும். முதல் நான்கும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் வந்துவிடும். ஐந்தாவது, திரும்பிப் போய்ப் பார்த்தீர்களா என்பதுதான் மிச்சம். வேலையைக் கொடுக்கலாம், பொறுப்பு உங்களிடமேதான் இருக்கும். இன்னொன்று, இருபது வருடம் அந்த வார்டிலேயே இருக்கும் உதவியாளருக்கு உங்களைவிட அதிகம் தெரியும். "அவர் இன்று ஒரு மாதிரி இருக்கிறார்" என்று அவர் சொன்னால், கையிலிருப்பதை வைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள்.

நான்கு பேர் ஒரே நேரத்தில் அழைத்தால்? சுவாசப் பாதை, மூச்சு, இரத்த ஓட்டம் என்ற வரிசையைப் படித்திருப்பீர்கள், அது சரியான வரிசைதான். ஆனால் கழிப்பறை போக வேண்டும் என்று கேட்பவரைக் கடைசியில் வைத்துவிடாதீர்கள். அவர் காத்திருக்க மாட்டார், தானே எழுந்து போய் விழுவார். நீங்கள் போக முடியாவிட்டால் யார் வருவார் என்று அவரிடம் சொல்லிவிட்டு நகருங்கள்.

நோயாளியிடம் முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். கேட் கிரேஞ்சர் என்ற மருத்துவர், தாமே புற்றுநோயோடு மருத்துவமனையில் படுத்திருந்தபோது, வந்தவர்களில் பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்று வருந்தி 2013இல் தொடங்கிய இயக்கம் இது. 2016இல் அவர் மறைந்தார். இன்றும் பல ஊழியர்கள் சட்டையில் குத்தியிருக்கும் மஞ்சள் பெயர்ப் பட்டையில் அவர் சொன்ன 'ஹலோ, மை நேம் இஸ்' என்ற வாசகம் இருக்கிறது. பிறகு, உங்களை எப்படி அழைக்கலாம் என்று அவரிடமே கேளுங்கள். மாத்திரை கொடுக்கும் முன் "நீங்கள் திருமதி இன்னார்தானே?" என்று கேட்காதீர்கள், காது மந்தமானவர் எதற்கும் ஆமாம் என்பார். பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயால் சொல்ல வைத்து, கைப்பட்டையோடு ஒத்துப் பாருங்கள்.

மொழி உங்களைக் கொஞ்ச நாள் அலைக்கழிக்கும். ஒரு முதியவர் 'ஸ்பெண்ட் எ பென்னி' என்றார். காசு கேட்கிறார் என்று நினைத்து அவருடைய பணப்பையைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். சிறுநீர் கழிக்க வேண்டும் என்பது அதன் பொருளாம். படுக்கை விரிப்பை மாற்றும்போது இருவரும் சிரித்தோம், அவர் கொஞ்சம் குறைவாகவே சிரித்தார். 'நாட் டூ பேட்' என்று சொல்பவருக்கு வலி இல்லை என்றும் நினைக்காதீர்கள். இங்குள்ள முதியவர்கள் கடும் வலியிலும் அதையே சொல்வார்கள். பத்துக்கு எத்தனை என்று கேளுங்கள், திரும்பிப் படுக்கும்போது முகத்தைப் பாருங்கள்.

தவறு செய்தால் உடனே சொல்லிவிடுங்கள். அந்த 2 மணி போன் பேச்சை மறுநாள் நானே என் தவறென்று எழுதிக் கொடுத்தேன். யாரும் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை, எஸ்பாரை மறுபடி சொல்லிக்கொடுத்தார்கள்.

பெயர் சொல்லி அழைப்பது எனக்கு வர ஆறு மாதம் பிடித்தது. நல்லது எதுவென்றால், கடிந்துகொள்ள வேண்டிய இடத்தில் அது உதவுகிறது. டாக்டர் என்று அழைத்துவிட்டு "கை கழுவவில்லையே" என்று சொல்ல எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை, பெயரைச் சொன்னால் வந்துவிடுகிறது. தலை நரைத்த ஒரு மூத்த மருத்துவரை மட்டும் இப்போதும் டாக்டர் என்றே அழைக்கிறேன். இரண்டு முறை திருத்தினார், பிறகு அவரும் விட்டுவிட்டார்.