கொழும்பு வெக்கையில் பெரூலிக் அமில சீரம் ஏன் பழுப்பாகிறது? வீட்டிலேயே செய்யலாமா?

கேட்டவர் வெள்ளவத்தையில் இருக்கிறார். வாங்கிய விற்றமின் சி – பெரூலிக் சீரம் ஒரு மாதத்துக்குள் நிறம் மாறிவிட்டது, அரிசித் தவிட்டை அரைத்துப் பூசினால் அதே பலன் வருமா என்றும் கேட்டிருக்கிறார்.

தவிட்டிலிருந்து தொடங்குகிறேன். பெரூலிக் அமிலம், அதாவது தாவரங்களில் இருக்கும் ஒட்சியேற்றத் தடுப்பி, தவிட்டில் இருப்பது உண்மை. 1866 இல் அதை முதலில் பிரித்தெடுத்தது பெருங்காயத்திலிருந்து. ஆனால் தவிட்டில் அது கலச் சுவரோடு இறுகப் பிணைந்திருக்கிறது. காரமோ நொதியமோ சேர்த்தால்தான் கழன்று வரும். அரைத்துப் பூசினால் தோல் உராயும், அவ்வளவுதான்.

பழுப்பாவது பெரும்பாலும் பெரூலிக் அல்ல, கூட இருக்கும் அஸ்கோபிக் அமிலம், அதாவது விற்றமின் சி. நீரில் கரைந்த விற்றமின் சி காற்றுப் பட்டு ஒட்சியேற்றம் அடையும். வெப்பமும் வெளிச்சமும் அதை விரைவாக்கும். பெரூலிக் அதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. 2005 இல் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 15 வீத விற்றமின் சி, 1 வீத விற்றமின் ஈ கலவையில் 0.5 வீத பெரூலிக் சேர்த்தபோது, வெயிலிலிருந்து கிடைத்த காப்பு சுமார் 4 மடங்கிலிருந்து 8 மடங்கானது. இன்றைய சீரங்கள் பலவும் இந்த அளவைப் பின்பற்றுபவைதான்.

இளமஞ்சள் நிறம் பயப்பட வேண்டியதல்ல. பிளேன் டீ நிறம் வந்தால் எறிந்துவிடுங்கள். விற்றமின் சி சிதையும்போது உருவாகும் எரித்துருலோஸ் தோலின் புரதத்தோடு சேர்ந்து கறையாகும். துளிக்குழாயின் கழுத்தில் செம்மஞ்சள் படிவு, நக ஓரத்தில் அதே நிறம் என்று முதலில் தெரியும்.

வீட்டில் செய்யலாம், ஆனால் 0.01 கிராம் வரை காட்டும் தராசு இல்லாமல் வேண்டாம். செட்டியார் தெருவில் நகைக்காரர்கள் பயன்படுத்தும் சிறிய வகை போதும்.

30 கிராமுக்கு: காய்ச்சி வடித்த நீர் 19.35, எல்-அஸ்கோபிக் அமிலத் தூள் 4.5, எதொக்சிடைகிளைக்கோல் (கரைப்பான்) 4.5, பொலிசோபேற் 80 (எண்ணெயை நீரோடு கலக்க வைப்பது) 0.9, விற்றமின் ஈ 0.3, பீனொக்சிஎதனோல் (கெடாமல் காப்பது) 0.3, பெரூலிக் 0.15 கிராம்.

பெரூலிக் நீரில் சரியாகக் கரையாது. பலர் தோற்பது இந்த இடத்தில்தான். முதலில் அதை எதொக்சிடைகிளைக்கோலில் போட்டு, கிண்ணத்தைச் சுடுநீரில் வைத்து, ஒரு துகளும் தெரியாமல் போகும்வரை கண்ணாடிக் குச்சியால் கலக்குங்கள். ஆறியதும் பொலிசோபேற்றில் கலந்த விற்றமின் ஈயையும் பீனொக்சிஎதனோலையும் அதில் சேருங்கள். அஸ்கோபிக்கை வேறு கிண்ணத்தில் சூடாக்காமல் நீரில் கரையுங்கள். முதற் கலவையை இதற்குள் துளித் துளியாக விட்டுக் கலக்க வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் பெரூலிக் வெண்ணிற ஊசிகளாகப் படியும். பிஎச் (அமிலத்தன்மையின் அளவு) 3 அளவில் இருக்கட்டும். குறைந்தால் நீரில் கரைத்த அப்பச் சோடாவைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், நுரைக்கும். 3.5 ஐத் தாண்டினால் விற்றமின் சி தோலுக்குள் இறங்காது.

உலோகக் கரண்டி, குழாய்த் தண்ணீர் இரண்டும் கூடாது. இரும்பும் செம்பும் மிகச் சிறு அளவில் இருந்தாலே ஒட்சியேற்றம் வேகமெடுக்கும். பற்றரித் தண்ணீரும் முகத்துக்கானதல்ல. பார்மசியில் கிடைக்கும் விற்றமின் ஈ கப்சியூல்களில் பெரும்பாலும் அசிற்றேற் வடிவமே இருக்கும். அது போத்தலுக்குள் எதையும் காக்காது, டோக்கோபெரோல் என்று எழுதியதையே கேட்டு வாங்குங்கள். தோடம்பழச் சுவை விற்றமின் சி மாத்திரையைத் தூளாக்குவது வீண்: அதில் சீனியும் நிறமும்தான் அதிகம்.

செய்ததை இரண்டு 15 மில்லிலீற்றர் பழுப்புக் கண்ணாடிப் போத்தல்களில் கழுத்துவரை நிரப்பி பிரிட்ஜில் வையுங்கள். ஒன்று முடிந்த பிறகே மற்றதைத் திறக்க வேண்டும். குளிரில் ஊசி படிந்தால் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்குங்கள். கரையாவிட்டால் அந்தத் தொகுதி சரிவரவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் வைத்துப் பூசாதீர்கள். கடையில் வாங்கியதைத் திறந்து மூன்று மாதத்துக்குள் முடியுங்கள். குளியலறைத் தட்டு அதற்கு ஆகவே ஆகாத இடம்.

முதலில் முழங்கையின் உட்புறத்தில் பூசி இரண்டு நாள் பாருங்கள். பிறகு காலையில், நன்கு உலர்ந்த முகத்தில் நாலைந்து துளி. வியர்வை மேல் பூசினால் பிசுபிசுக்கும், ஆகவே மின்விசிறிக்குக் கீழே பத்து நிமிடம் ஆறவிட்டு எஸ்பிஎப் 30க்குக் குறையாத சன்ஸ்கிறீன் போடுங்கள். சீரம் அதற்கு மாற்றல்ல. சவரம் செய்த உடனும், எக்சிமா உள்ள இடத்திலும் வேண்டாம், எரியும்.