கணினி கேள்வி பதில்: பில்ட் ஆகிறது, ஓட மறுக்கிறது

கேள்வி: உபுண்டுவில் சி++ புரோகிராம் எழுதுகிறேன். வெளி லைப்ரரி ஒன்றை நானே பில்ட் செய்து /ஆப்ட்/படம்/லிப் ஃபோல்டரில் வைத்திருக்கிறேன். ஜி++ கட்டளையில் அந்தப் பாதையைப் பெரிய எல் போட்டுக் கொடுத்தேன், பிழையே இல்லை. ஓட்டினால் மட்டும் ‘ஷேர்டு ஆப்ஜெக்ட் ஃபைலைத் திறக்க முடியவில்லை’ என்கிறது. ஏன்?

பதில்: பெரிய எல் லிங்கருக்கு (புரோகிராமையும் லைப்ரரிகளையும் இணைக்கும் கருவி) மட்டும் சொல்லும் முகவரி. லிங்க் முடிந்ததும் அந்தப் பாதை போய்விடும். எக்ஸிகியூட்டபிளில் (கடைசியில் கிடைக்கும், ஓட்டக்கூடிய ஃபைல்) பதிவது லைப்ரரியின் பெயர்தான். ஓடும் நேரத்தில் அதைத் தேடுவது டைனமிக் லோடர். நீங்கள் ஜி++-இடம் சொன்னது அதற்குத் தெரியாது. முதலில் எல்டி_லைப்ரரி_பாத் என்ற சூழல் மாறி, பிறகு ஃபைலுக்குள் பதிந்த ரன்பாத் (தேட வேண்டிய பாதை), பிறகு எல்டிகான்ஃபிக் கட்டளை தயாரித்த கேஷ் (லைப்ரரிகள் இருக்கும் இடங்களின் பட்டியல்), கடைசியில் /லிப், /யுஎஸ்ஆர்/லிப் என்று தேடும். (ரன்பாத் இல்லாமல் பழைய ஆர்பாத் பதிவு மட்டும் இருந்தால் அது எல்லாவற்றுக்கும் முன்னால்.)

எல்டிடி கட்டளையில் உங்கள் ஃபைலைக் கொடுத்தால் எது ‘நாட் ஃபவுண்ட்’ என்று தெரியும். நம்பிக்கையில்லாத ஃபைலுக்கு எல்டிடி வேண்டாம், சில நேரம் அது ஃபைலையே ஓட்டிவிடும். ஃபைலை ஓட்டாமல் பதிவுகளை மட்டும் படித்துக் காட்டும் ரீட்எல்ஃப் -டி போதும்.

கணினி முழுதுக்கும் லைப்ரரி வேண்டுமென்றால் /இடிசி/எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி ஃபோல்டரில் .கான்ஃப் என முடியும் ஃபைல் ஒன்று, அதில் அந்தப் பாதை ஒரே வரி. பிறகு சூடோ எல்டிகான்ஃபிக். பலர் இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டுத்தான் தவிக்கிறார்கள்.

புரோகிராமோடு லைப்ரரியையும் சேர்த்துக் கொடுப்பதானால், லிங்க் செய்யும்போது -டபிள்யூஎல்,-ஆர்பாத்,'$ஒரிஜின்/../லிப்' சேருங்கள். பெயர் ஆர்பாத் என்றாலும் உபுண்டுவில் பதிவது ரன்பாத்தான். ஒரிஜின் என்றால் எக்ஸிகியூட்டபிள் இருக்கும் ஃபோல்டர். ஒற்றை மேற்கோள் கட்டாயம். இரட்டை போட்டால் ஷெல் அதைத் தன் மாறி என நினைத்து வெறுமையாக்கிவிடும். மேக்ஃபைலில் (மேக் என்ற பில்ட் கருவிக்கான ஃபைல்) டாலரை இருமுறை போட வேண்டும். ஒன்று மட்டும் போட்டால், மேக் டாலரையும் முதல் எழுத்தையும் விழுங்கிவிட்டு ‘ரிஜின்/../லிப்’ என்று பதிந்து வைக்கும். பில்டில் எச்சரிக்கைகூட வராது. ரீட்எல்ஃபில் ரன்பாத் வரியைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

ரன்பாத் உங்கள் புரோகிராம் நேரடியாகக் கேட்கும் லைப்ரரிக்கு மட்டுமே செல்லும். உங்கள் லைப்ரரி இன்னொரு லைப்ரரியைக் கேட்டால், அதற்கும் தனி ரன்பாத் வேண்டும்.

எல்டி_லைப்ரரி_பாத்தை சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். .பேஷ்ஆர்சியில் (ஷெல் தொடங்கும்போது படிக்கும் ஃபைல்) எழுதிவிட்டால் அந்த ஷெல்லிலிருந்து கிளம்பும் எல்லா புரோகிராமும் உங்கள் ஃபோல்டரில் முதலில் கைவைக்கும்.

கேள்வி: சிமேக் (பில்ட் கருவி) பயன்படுத்துகிறேன். பில்ட் ஃபோல்டரில் ஓடும் புரோகிராம், இன்ஸ்டால் செய்தபின் லைப்ரரியைக் காணோம் என்கிறது.

பதில்: பில்ட் நேரத்தில் சிமேக் தானாகப் பாதையைப் பதிக்கிறது, இன்ஸ்டாலில் அதை அழித்துவிடுகிறது. சிமேக்_இன்ஸ்டால்_ஆர்பாத் மாறிக்கு "$ஒரிஜின்/../லிப்" கொடுங்கள். (இது ஷெல் அல்ல, இங்கே இரட்டை மேற்கோள் சரிதான்.) ஆட்_எக்ஸிகியூட்டபிள் வரிக்கு மேலே இருக்க வேண்டும். கீழே எழுதினால் அந்த டார்கெட்டில் சேராது.

கேள்வி: உபுண்டு 20.04-இல் பில்ட் செய்தது 22.04-இல் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 இல்லை என்கிறது. அங்கே .3 இருக்கிறது. சிம்லிங்க் (ஒரு ஃபைலுக்கு வேறு பெயரில் குறுக்குவழி) போடலாமா?

பதில்: வேண்டாம். லிப்எஸ்எஸ்எல் என்பது ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்கத் தொகுப்பின் லைப்ரரி. பெயர் பொருந்தினாலும் உள்ளே சிம்பல்களின் (லைப்ரரி தரும் ஃபங்ஷன் போன்றவற்றின் பெயர்கள்) பதிப்பு வேறு. ‘ஓப்பன்எஸ்எஸ்எல்_1_1_0 இல்லை’ என்று அடுத்த பிழை வரும். எண் மாறியதே ஏபிஐ (தொகுத்த புரோகிராமும் லைப்ரரியும் பேசிக்கொள்ளும் பைனரி இடைமுகம்) மாறியதால்தான். 22.04-இல் லிப்எஸ்எஸ்எல்-டெவ் நிறுவி மறுபடி பில்ட் செய்யுங்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-ஐக் கூடவே கொண்டுபோகலாம்தான், ஆனால் அதன் பொது ஆதரவு 2023 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது.

எதிர்த்திசையில், அதாவது 22.04-இல் பில்ட் செய்ததை 20.04-இல் ஓட்டினால், ஜிலிப்சி (சி மொழியின் அடிப்படை லைப்ரரி) மாட்டும்: 22.04-இல் இருப்பது 2.35, 20.04-இல் பழைய 2.31. இரண்டிலும் ஓட வேண்டுமென்றால் 20.04 கன்டெய்னரில் (உங்கள் கணினிக்குள்ளேயே தனியாக ஓடும் உபுண்டு 20.04 சூழல்) பில்ட் செய்து, ஓப்பன்எஸ்எஸ்எல் 3-ஐ அங்கேயே தொகுத்து ஸ்டாட்டிக்காக (எக்ஸிகியூட்டபிளுக்குள்ளேயே அடங்கும்படி) இணையுங்கள்.