அளவைக்காரர் பதில்கள்: பட்டா இல்லாத வீடு

போன இதழில் ஒரு வாசகர், "அமெரிக்காவில் அந்தக் காலத்தில் நிலத்தைச் சும்மா கொடுத்தார்களாமே, உண்மையா?" என்று கேட்டிருந்தார். "உண்மைதான். சார்லஸ் இங்கல்ஸ் என்று ஒருவர்கூட அப்படி வாங்கினார். பட்டா கைக்கு வரும்போது அவருக்கு வயது ஐம்பது" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேசையில் குவிந்து கிடக்கின்றன. அதனால் பாகப்பிரிவினை, பாதைத் தகராறு எல்லாம் அடுத்த இதழுக்கு. இந்த முறை முழுக்க அந்தக் குடும்பம்தான்.

யார் இந்த சார்லஸ்? உங்களுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?
(வாசகர், கும்பகோணம்)

சம்பந்தம் என் பேத்தி வழியாக வந்தது. சார்லஸின் இரண்டாவது மகள் லாரா, தன் சிறுவயதைக் கதைகளாக எழுதியவர். முதல் புத்தகம் 1932-இல் வந்தபோது அவருக்கு 65 வயது. போன வருடம் பேத்தி அதில் ஒன்றை எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். அப்பா மரம் வெட்டுகிறார், சுவர் எழுப்புகிறார், புல்வெளியின் நடுவே வீடு எழும்புகிறது. "சரி, பட்டா யார் பேரில் இருக்கு?" என்று கேட்டேன். "தாத்தா, கதையைக் கேளுங்க!" என்றாள். 34 வருடம் நிலம் அளக்கச் செயின் பிடித்த கையாயிற்றே, அந்தக் கேள்வி வராமல் இருக்குமா? கேட்டுவிட்டேன், அப்புறம் தேடவும் தொடங்கிவிட்டேன்.

சார்லஸ் பிறந்தது 1836 ஜனவரி 10, நியூயார்க் மாநிலத்தில் கியூபா என்ற ஊரில். இறந்தது 1902 ஜூன் 8, தெற்கு டகோட்டாவில் டி ஸ்மெட் என்ற சிற்றூரில். நடுவில் விஸ்கான்சின், கான்சாஸ், மினசோட்டா, அயோவா. விவசாயம், தச்சு, ஓட்டல், கசாப்புக்கடை, ரயில்வே கணக்கு, ஊர் நீதிபதி என்று செய்யாத வேலை இல்லை. வண்டியில் எப்போதும் ஒரு பிடில் இருக்கும். அது இன்றும் மிசோரியில் லாராவின் ஊரான மேன்ஸ்ஃபீல்டில் பத்திரமாக இருக்கிறது.

அவர் மனைவி, உறவுக்காரர்கள் பற்றி எழுதுங்கள். வெள்ளைக்காரர்களுக்கு உறவு விட்டுப் போய்விடும் என்கிறார்களே?
(வாசகி, மதுரை)

அம்மா, இந்தக் குடும்பத்தைக் கேட்டால் உங்களுக்கே சிரிப்பு வரும். விஸ்கான்சினில் இங்கல்ஸ் வீடும் குயினர் வீடும் அக்கம்பக்கம். 1859-இல் குயினர் வீட்டு ஹென்றி, இங்கல்ஸ் வீட்டு பாலியைக் கட்டினார். 1860 பிப்ரவரி 1-இல் சார்லஸ், ஹென்றியின் தங்கை கரோலினைக் கட்டினார். அடுத்த வருடம் சார்லஸின் அண்ணன் பீட்டர், கரோலினின் தங்கை எலைசாவை. பெண் கொடுத்துப் பெண் எடுத்து மூன்று கல்யாணம்! இந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் இரண்டு பக்கமும் ஒரே தாத்தா பாட்டி.

உறவு விட்டும் போகவில்லை. கஷ்டம் வந்தபோது பீட்டர் வீட்டில்தான் போய் நின்றார்கள். 1879-இல் ரயில்வே வேலை கிடைத்ததும் சார்லஸின் தங்கை டோசியாவின் வீட்டுக்காரர் வழியாகத்தான். அவர் பாதை போடும் ஒப்பந்தக்காரர்.

கரோலினுக்கு ஐந்து வயதிருக்கும்போது அவருடைய அப்பா மிச்சிகன் ஏரியில் கப்பலோடு மூழ்கிப்போனார். கல்யாணத்துக்கு முன் கரோலின் பள்ளி ஆசிரியை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அண்ணாச்சி, கதையில் அவர்கள் வீடு கட்டின கான்சாஸ் இடம் யாருடையது? நேரடியாகச் சொல்லுங்கள்.
(வாசகர், தென்காசி)

நேரடியாகச் சொன்னால், ஆக்கிரமிப்பு.

1869-இல் இன்டிபென்டன்ஸ் ஊருக்குப் பக்கத்தில் போய் இறங்கினார்கள். அந்த நிலம் ஒசேஜ் என்ற பூர்வகுடி மக்களுக்கு ஒப்பந்தப்படி ஒதுக்கிய பூமி. விற்கவும் இல்லை, அளக்கவும் இல்லை. "எப்படியும் அரசாங்கம் இவர்களைக் கிளப்பிவிடும், அப்போது முதலில் இருப்பவனுக்கு முதல் உரிமை" என்ற கணக்கில் ஆயிரக்கணக்கான வெள்ளைக்காரர்கள் முன்கூட்டியே போய்ப் பந்தல் போட்டார்கள். சார்லஸ் அவர்களில் ஒருவர். 1870 ஆகஸ்டில் மூன்றாவது மகள் கேரி அங்கே பிறந்தாள். அதே மாதம் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர், அந்த வட்டாரக் குடியேறிகளின் பெயரை எழுதிக்கொண்டார், நில மதிப்பை எழுதவில்லை. நிலம் ஒசேஜ்களுடையது, இவர்களுக்கு உரிமை கிடையாது என்று குறித்துவைத்தார். வேலை தெரிந்த ஆள்!

கணக்கு என்னவோ பலித்தது. 1870 ஜூலையிலேயே ஒசேஜ்களை அனுப்பிவிட்டு, ஏக்கர் ஒன்றேகால் டாலருக்கு விற்கச் சட்டம் வந்துவிட்டது. ஒசேஜ்கள் தெற்கே, இன்றைய ஓக்லஹோமாவுக்குப் பெயர்ந்தார்கள். ஆனால் சார்லஸிடம் 160 ஏக்கருக்கு 200 டாலர் ஏது? விஸ்கான்சின் வீட்டை வாங்கியவரும் தவணை கட்ட முடியாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். 1871-இல் பழைய வீட்டுக்கே வண்டி திரும்பியது. கதையில் பட்டாளம் வந்து விரட்டுவதாக வரும் பயம் ஆவணத்தில் இல்லை.

இங்கே இன்னொருவரையும் சொல்ல வேண்டும். அந்தக் குடும்பமே மலேரியாவில் விழுந்து கிடந்தபோது வைத்தியம் பார்த்தவர் ஜார்ஜ் டான் என்ற கறுப்பின மருத்துவர். கேரியின் பிரசவத்தைப் பார்த்தவரும் அவரே.

இலவச நிலம் என்றால் முழுக்க இலவசமா? எப்படி அளந்தார்கள்?
(ஓய்வுபெற்ற செயின்மேன், திண்டிவனம்)

நம்ம ஆள் கேள்வி! 1862 மே 20-இல் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம். குடும்பத் தலைவராகவோ 21 வயது ஆனவராகவோ இருந்தால் 160 ஏக்கர் கேட்கலாம். கல்யாணமாகாத பெண்ணும் கேட்கலாம். கட்டணம் எல்லாம் சேர்த்து 18 டாலர். ஐந்து வருடம் குடியிருக்க வேண்டும், வீடு கட்ட வேண்டும், உழ வேண்டும், கடைசியில் இரண்டு சாட்சி கொண்டுவர வேண்டும். இப்படிச் சுமார் 16 லட்சம் பேர் பட்டா வாங்கினார்கள், மொத்தம் 27 கோடி ஏக்கர்.

அளந்தது நாம் இழுத்த அதே கண்டர் செயின்தான்: 66 அடி, 100 கண்ணி. எண்பது செயின் ஒரு மைல். ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப், அதில் 36 செக்‌ஷன், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். அதில் கால்வாசிதான் 160. நாமெல்லாம் வரப்பு வளைந்தால் கூடவே வளைந்து, பத்து சென்ட் நிலத்துக்கு எட்டு கல் நட்டவர்கள். அவர்கள் ஆறு, ஓடை, ஏற்கெனவே இருந்த மனிதர்கள் எதையும் கவனிக்காமல் கட்டம் போட்டுவிட்டார்கள். வரைபடம் பார்க்க அழகு. எனக்கு என்னவோ அந்த அழகு உறுத்துகிறது.

வெட்டுக்கிளியால் அழிந்தார்கள் என்பது மிகையா?
(வாசகர், தேனி)

மிகை இல்லை. கதையில் குறைத்துத்தான் இருக்கிறது.

1874-இல் மினசோட்டாவில் வால்நட் குரோவ் அருகே, பிளம் ஓடைக் கரையைக் குடைந்த ஒரு மண் வீட்டில் குடியேறினார்கள். கோதுமை விளைந்தால் எல்லாக் கடனும் தீரும் என்று நம்பினார்கள். 1875 கோடையில் ராக்கி மலை வெட்டுக்கிளி வந்தது. அந்த ஆண்டு நெப்ராஸ்காவில் ஒரு கூட்டத்தைக் கணித்தவர் அதன் நீளத்தை 1,800 மைல் என்றார், அகலத்தை 110 மைல் என்றார். பயிர் போனது. சார்லஸ் கிழக்கே போய் அடுத்தவர் வயலில் அறுவடைக் கூலி வேலை செய்தார்.

நவம்பர் 1-இல் ஆண் குழந்தை பிறந்தது. மூன்று பெண்ணுக்குப் பிறகு ஒரு பையன், ஃபிரெடி. அந்த மாதக் கடைசியில் சார்லஸ் மாவட்ட அதிகாரிகள் முன் போய், தனக்கு எந்த வழியும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, இரண்டு அரை பீப்பாய் மாவு வாங்கி வந்தார். மதிப்பு ஐந்தேகால் டாலர். மகள் எழுதிய கதைகளில் வரும் அப்பா யாரிடமும் கை நீட்டாதவர். இந்தக் கையெழுத்து அதில் இல்லை. நான் சர்வீஸில் நிவாரண வேலை பார்த்த ஒரு வருடம், பட்டியலில் பெயர் இருந்தும் வரிசைக்கு வராமல் வேப்பமரத்தடியிலேயே நின்ற ஒரு பெரியவரைப் பார்த்திருக்கிறேன். கூட்டம் எல்லாம் போன பிறகு வந்து, பேசாமல் கைநாட்டு வைத்துவிட்டுப் போனார். சார்லஸ் அந்த நவம்பரில் எப்படி நின்றிருப்பார் என்று யோசித்தால் எனக்கு அந்தப் பெரியவர் முகம்தான் வருகிறது.

ஃபிரெடியும் கதையில் இல்லை. 1876-இல் நிலத்தை விற்றுவிட்டு அயோவா போகும் வழியில் பீட்டர் வீட்டில் தங்கியிருந்தபோது, ஆகஸ்ட் 27-இல் இறந்துபோனான். பத்து மாதம்கூட நிறையவில்லை.

அந்த வெட்டுக்கிளி இனம் இப்போது உலகிலேயே இல்லை. கடைசியாக உயிரோடு பிடித்தது 1902-இல், கனடாவில். சார்லஸ் இறந்த அதே வருடம்.

வாடகை பாக்கி வைத்துவிட்டு இரவோடு இரவாக ஓடினாராமே?
(வாசகர், ஈரோடு)

ஓடினார். அயோவாவில் பர் ஓக் என்ற ஊரில், 1877-இல். வீட்டுக்காரருக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. கைக்குழந்தை கிரேஸையும் தூக்கிக்கொண்டு இருட்டில் வண்டி கிளம்பிற்று. நியாயப்படுத்த மாட்டேன். இரண்டு வருடம் கழித்து வால்நட் குரோவில் அதே மனிதரை ஊர் நீதிபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

அளவையாளர் வீட்டில் குடியிருந்தார்கள் என்று படித்தேன். உங்களுக்குப் பெருமையாக இருக்குமே?
(வாசகி, நாமக்கல்)

இருக்காதா பின்னே! 1879-இல் டகோட்டாவில் ரயில் பாதைக்கு அளந்தவர்கள் குளிருக்குப் பயந்து கிழக்கே போய்விட்டார்கள். கருவிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். சார்லஸ் குடும்பத்தோடு அந்த வீட்டில் தங்கினார். வயிறாரச் சாப்பாடு, நல்ல அடுப்பு. 1880 பிப்ரவரியில் புரூக்கிங்ஸ் நில அலுவலகம் போய், ஒருவழியாக 160 ஏக்கர் மனுவை எழுதிக் கொடுத்தார்.

அடுத்த குளிர்காலம் வேறு கதை. 1880 அக்டோபர் நடுவிலேயே பனிப்புயல் தொடங்கிவிட்டது. ஜனவரியில் ரயில் நின்றது, மே மாதம்தான் வந்தது. நிலக்கரி தீர்ந்து, வைக்கோலை முறுக்கி முறுக்கி எரித்தார்கள். மாவு தீர்ந்து, காப்பிக்கொட்டை அரைக்கும் சின்ன மெஷினில் கோதுமையைப் போட்டு நாள் முழுக்க மாறி மாறிச் சுற்றினார்கள். ஊரில் மிச்சமிருந்தவர்களுக்காக இரண்டு இளைஞர்கள் பனியில் போய்க் கோதுமை கொண்டுவந்தார்கள். அதில் ஒருவர் அல்மான்சோ வைல்டர். 1885-இல் லாராவைக் கட்டிக்கொண்டார்.

கடைசியில் டி ஸ்மெட்டிலேயே தங்கிவிட்டது எப்படி? பிள்ளைகள் என்ன ஆனார்கள்?
(வாசகி, காரைக்குடி)

கரோலின்தான் காரணம். மனைவி ஆசிரியையாக இருந்தவர் என்று சொன்னேனே. சார்லஸுக்கு இன்னும் மேற்கே போக ஆசை. இனி வண்டி கட்ட முடியாது, பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று கரோலின் உறுதியாக நின்றுவிட்டார்.

மூத்தவள் மேரிக்கு 1879-இல், 14 வயதில், காய்ச்சல் வந்து பார்வை போய்விட்டது. கதையில் செங்காய்ச்சல் என்று வரும். மூளைக்காய்ச்சல் வகையாக இருக்கலாம் என்று 2013-இல் மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதினார்கள். 1881-இல் அயோவாவில் வின்டன் பார்வையற்றோர் கல்லூரிக்குப் போய் 1889-இல் படித்து முடித்தாள். துணிமணிக்கும் பயணத்துக்கும் பணம் வேண்டுமே, அதற்கும் சேர்த்துத்தான் பதினாறு வயது நிரம்புமுன் லாரா வாத்தியாராகப் போனாள். கேரி பத்திரிகை ஆபீஸில் அச்சுக் கோத்தாள், பிறகு தன் பெயரிலேயே நிலம் எடுத்தாள். அப்பாவைவிடச் சமர்த்து.

வம்சம் மட்டும் தங்கவில்லை. நாலு பெண்களில் லாராவுக்கு மட்டுமே ஒரு மகள் பிழைத்தாள், ரோஸ். ரோஸுக்கு வாரிசு இல்லை, 1968-இல் காலமானார்.

மகன் மினியாபொலிஸில் இருக்கிறான். அங்கே போகும்போது பார்க்க என்ன இருக்கிறது?
(வாசகி, திருச்சி)

அங்கிருந்து டி ஸ்மெட்டுக்குக் காரில் நாலு மணி நேரம் ஆகும் அம்மா. அளவையாளர் வீட்டை ஊருக்குள் நகர்த்தி வைத்திருக்கிறார்கள். சார்லஸ் 1887-இல் மூன்றாம் தெருவில் கட்டிய வீடும் இருக்கிறது. 1886-இல் பட்டாவுக்கான சாட்சி சொல்லி முடித்தவர், சில வருடத்தில் அந்த நிலத்தை விற்றுவிட்டார் என்பதைப் பேத்தியிடம் சொன்னேன். "அப்போ எதுக்குத் தாத்தா அவ்வளவு கஷ்டப்பட்டார்?" என்றாள்.

நிலத்துக்கும் போய் வாருங்கள். மனைவிக்கும் நாலு பெண்களுக்கும் ஆளுக்கு ஒன்றாக அவர் நட்ட காட்டன்வுட் மரங்கள் அங்கே நிற்கின்றன. ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். மரத்துக்கும் எல்லைக்கும் எத்தனை அடி என்று முடிந்தால் எட்டி வைத்துப் பார்த்துவிடுங்கள்.