பித்தளைச் சுத்தியலின் நீள ஓட்டை

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் ஒரு பழைய சாமான் கடையில் பித்தளைச் சுத்தியல் போன்ற ஒன்றை வாங்கினேன். ஒரு சாண் இருக்காது. வாலில் கயிறு கட்டத் துளை, பக்கத்தில் ஓர் அம்புக்குறி. நடுவில் ஆணி போகும் ஓட்டை மட்டும் தேய்ந்து நீளமாகிவிட்டது. பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் விக்டரி கப்பல் பீரங்கியில் இருந்தது என்கிறார் கடைக்காரர். உண்மையா? என்ன விலை போகும்? ஓட்டையைப் பற்றவைத்து வட்டமாக்கிவிடலாமென்று இருக்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

பற்றவைக்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

விலையை ஏலக்காரரிடம் கேளுங்கள். கடைக்காரர் கதை நிற்காது. நெல்சன் விக்டரியில் இருந்து போரிட்டு இறந்த டிரஃபால்கர் போர் 1805இல். அன்று விக்டரியின் பீரங்கிகளில் இருந்தது சிக்கிமுக்கிக் கல் விசை. அடித்தால் பற்றிக்கொள்ளும் குழலும், அதை அடிக்கும் சுத்தியலும் பிரிட்டிஷ் கடற்படைக்கு வந்தது 1840களில்தான். உங்களிடம் இருப்பது அந்தச் சுத்தியல். அம்புக்குறி அரசாங்கச் சொத்துக்குப் போடும் முத்திரை; அதை வைத்துக் கப்பலைக் கண்டுபிடிக்க முடியாது.

இனி ஓட்டை. உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு விளிம்பும் கோடு போட்டதுபோல் இணையாக ஓடுகின்றன. தேய்மானம் இப்படி அளவெடுத்துத் தேயுமா ஐயா? அது வேண்டுமென்றே நீளமாக வெட்டிய ஓட்டை.

பீரங்கியின் பின்பக்கம், மேலே, வெடிமருந்துக்குத் தீ இறங்கும் சிறு துளை உண்டு. குழலை அதில்தான் செருகுவார்கள். மருந்து வெடித்ததும் குண்டு முன்னால் போகும். நெருப்பில் ஒரு பங்கு அந்தத் துளை வழியே மேலே பீறிடும். சுத்தியல் அங்கேயே கிடந்தால் அதைத் தூக்கி எறிந்துவிடும். பீரங்கிக்காரன் பின்வாங்கும் பீரங்கி இடிக்காத தூரத்தில் நின்று, கயிற்றை வெடுக்கென்று இழுப்பான். சுத்தியல் ஆணியில் சுழன்று விழுந்து குழலை அடிக்கும். கை இன்னும் இழுத்துக்கொண்டே இருக்குமல்லவா, அந்த மிச்ச இழுப்பில் சுத்தியல் நீள ஓட்டையில் வழுக்கிப் பின்னால் வந்துவிடும். துளை காலி, நெருப்பு தன் வழியே போகும். ஒரே இழுப்பில் இரண்டு வேலை! இதைத்தான் நீங்கள் அடைக்கப் பார்த்தீர்கள்.

எனக்குக் கோபம் வரக் காரணமுண்டு. எங்கள் கிணற்று பம்ப்பின் அடியில் ஒரு பொடித் துளை இருந்தது. ஒருநாள் அதிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. வீணாகிறதே என்று மாமா ஈயத்தை உருக்கி அடைத்தார். ரொம்பப் பெருமை அவருக்கு. உள்ளே தண்ணீரைத் தடுக்கும் சீல் போனால் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் வெளியே சொட்டத்தான் அந்தத் துளை. பேரிங் துருப்பிடித்து இறுகியது. வெங்காயம் காய்ந்தது. அப்பா மாமாவை ஒன்றும் சொல்லவில்லை, அம்மாவின் தம்பியாயிற்றே. அந்தத் திட்டும் சேர்த்து உங்களுக்கு விழுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆசையாக வாங்கி, ஆராய்ந்து எழுதியிருக்கிறீர்கள். அது எத்தனை பேருக்கு வரும்?

பாலிஷும் போடாதீர்கள். அம்புக்குறி ஏற்கெனவே மங்கலாக இருக்கிறது. சுத்தியல் தலையின் அடிப்பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், அடி விழுந்த தழும்பு இருக்கிறதா பார்ப்போம்.