செல்லுக்குள் ஒரு சாரம் – கடிதம்

வணக்கம் சார்,

ஹார்மோன்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், 'டெஸ்டோஸ்டிரோன் வந்து பிடித்ததும் அதன் ஏற்பி உட்கருவுக்குப் போகிறது' என்று எழுதியிருந்தீர்கள். எப்படிப் போகிறது, மிதந்தா? என் மாமனாருக்குப் புராஸ்டேட் புற்றுநோய். ஹார்மோனைக் குறைக்கும் ஊசிக்கு நோய் கட்டுப்படாமல் போனதால் டோசிடாக்செல் ஏற்றுகிறார்கள். அது 'செல்லின் எலும்புக்கூட்டை'த் தாக்கும் மருந்து என்று படித்தேன். ஹார்மோனால் வளரும் நோய்க்கு எலும்புக்கூட்டைத் தாக்கி என்ன பயன்? நான்கு முறை ஏற்றியாகிவிட்டது. இப்போது கால்விரல்கள் மரத்துப்போகின்றன என்கிறார்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

'போகிறது' என்று ஒரே சொல்லில் நான் கடந்துபோயிருக்கக் கூடாது. உங்கள் மாமனாரின் மருந்து அந்த இடத்திலும் வேலை செய்கிறது.

'எலும்புக்கூடு' என்ற சொல் எனக்குப் பிடிப்பதில்லை. எலும்பு போட்டது போட்டபடி இருக்கும். செல்லுக்குள் இருப்பது கட்டட வேலைக்குக் கட்டுகிற சாரம் மாதிரி. தேவையான பக்கம் கட்டுவார்கள், வேலை முடிந்ததும் அவிழ்ப்பார்கள். சித்தாள்கள் சாந்துச்சட்டியோடு அதில்தான் ஏறுவார்கள். செல்லின் சாரத்தில் நுண்குழல் முக்கியமானது. டியூபுலின் என்ற புரதம் பெரும்பாலும் 13 சரங்களாகச் சேர்ந்த குழாய் அது. குறுக்களவு 25 நானோமீட்டர், தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய மூவாயிரத்தில் ஒரு பங்கு. ஒளிரவைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் முனை மெல்ல நீண்டுகொண்டே வரும், திடீரென மளமளவென்று சரிந்து குட்டையாகும், அப்புறம் மறுபடி நீளும்.

டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துக்கொள்ளும் புரதத்துக்கு ஆண்ட்ரோஜன் ஏற்பி என்று பெயர். ஹார்மோன் வரும்வரை அது துணைப் புரதங்களோடு உட்கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில் காத்திருக்கிறது. ஹார்மோன் பிடித்ததும் டைனீன் என்ற இயக்கப் புரதம் அதைச் சுமந்துகொண்டு நுண்குழல் வழியே உட்கருவை நோக்கி நடக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்தால்தான் வளரச் சொல்லும் ஹார்மோனின் சேதி செல்லுக்குக் கிடைக்கும். இங்கே டைனீன்தான் சித்தாள்.

டோசிடாக்செல் ஐரோப்பிய யூ மரத்தின் இலையிலிருந்து பிறந்த மருந்து. அதன் மூத்த சகோதரியான பாக்ளிடாக்செல் அமெரிக்க யூ மரத்தின் பட்டையில் கிடைத்தது. அது நுண்குழலை உடைப்பதில்லை, அவிழ விடாமல் இறுக்கிவிடுகிறது என்று 1979இல் சூசன் ஹார்விட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் காட்டினார். அவிழாத சாரத்தோடு செல் இரண்டாகப் பிரிய முடியாது, அதனால் சாகிறது என்பதுதான் நெடுநாள் விளக்கம். ஆனால் புராஸ்டேட் புற்றுசெல்கள் பெரும்பாலும் மெதுவாகப் பிரிபவை. எந்த நேரத்தில் பார்த்தாலும் சிலவே பிரிந்துகொண்டிருக்கும். அப்படியிருக்க மருந்து எப்படிப் பலன் தருகிறது?

2010 வாக்கில் ஆய்வகங்களில் ஒரு விடை கிடைத்தது. இந்த வகை மருந்து கொடுத்த செல்களில், ஹார்மோன் இருந்தும் ஏற்பி உட்கருவுக்குப் போகாமல் வெளியிலேயே தேங்கியது. நோயாளிகளின் ரத்தத்தில் சுற்றும் புற்றுசெல்களைப் பார்த்த ஒரு சிறிய ஆய்விலும், ஏற்பி வெளியே தங்கியவர்களுக்கே மருந்து அதிகம் பலித்தது. ஊசி ஹார்மோனைக் குறைக்கிறது. புற்றுசெல் மிஞ்சிய துளியை வைத்தே சமாளிக்கப் பழகிவிடுகிறது. டோசிடாக்செல் அந்தத் துளியின் சேதி போகும் வழியிலேயே கைவைக்கிறது. இதைப் புரிந்துகொண்ட நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

எல்லா ஏற்பிகளுக்கும் இது பொருந்தாது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஹார்மோன் வருமுன்பே பெரும்பாலும் உட்கருவில்தான் இருக்கிறது. கார்ட்டிசால் ஏற்பி, நுண்குழல்களைக் கலைத்துவிட்டாலும் மிதந்தே உள்ளே போய்விடுகிறது. ஆண்ட்ரோஜன் ஏற்பியிலேயே ஏஆர்-வி7 என்ற குறை வடிவத்துக்கு இந்தச் சாரம் தேவையில்லை. அது உள்ள நோயாளிகளிலும் சிலருக்கு டோசிடாக்செல் பலிப்பதால், பாதையை மறிப்பது மட்டுமே முழுக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். செல் பிரிவதைத் தடுப்பதும் சேர்ந்தே நடக்கிறது.

சரி, மரத்துப்போகும் விரல்கள். இடுப்பிலிருந்து கால்விரல் வரை ஓடும் நரம்பிழை ஒரு மீட்டர் நீளம்கூட இருக்கும். நுனிக்குத் தேவையான சரக்கு எல்லாம் நுண்குழல் வழியேதான் போக வேண்டும். மருந்துக்கு எது புற்றுசெல்லின் சாரம், எது நரம்பின் சாரம் என்று தெரியாது. அதனால் முதலில் அடிபடுவது மிகத் தொலைவில் இருக்கும் விரல்நுனி. இந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு இது. அடுத்த முறை ஏற்றுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் அளவைக் குறைக்கலாம், இடைவெளி விடலாம். சட்டைப் பொத்தான் போடச் சிரமப்படுகிறாரா, செருப்பு கழன்றது தெரியாமல் நடக்கிறாரா என்று கவனித்து அதையும் சொல்லுங்கள். மாமனார் தாமாகச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

அன்புடன்.