பலகை ஆலையில் பயிற்சி இடம்: மகனை அனுப்பலாமா?

பகாவிலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

எஸ்.பி.எம். (மலேசியப் பள்ளி இறுதித் தேர்வு) முடித்த உங்கள் மகனுக்குக் கெமாஸ் பக்கம் ஒரு பலகை ஆலையில் பயிற்சி இடம் கிடைத்திருக்கிறது. "நாங்கள்தான் ரப்பர் மரத்தோடு மாரடித்தோம், இவனும் மரத்தூளில் நிற்கணுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்பலாம் என்பதுதான் என் பதில். ஆனால் எந்தப் பிரிவில் வேலை என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள்.

இருபத்தைந்து, முப்பது வருடம் பால் வெட்டிய பிறகு மறுநடவுக்காக மரங்களைச் சாய்ப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் அதெல்லாம் விறகாகத்தான் போனது. இப்போது அறுவை ஆலைக்குப் போய், மூவார் போன்ற ஊர்களில் மேசை நாற்காலியாகிறது. சிறுத்த, வளைந்த மரம் என்பதால் அறுக்கும்போது பாதிக்கு மேல் ஓரத்துண்டும் தூளுமாகக் கழிந்துவிடும். அந்தக் கழிவுதான் இந்த மாதிரி ஆலைகள் செய்யும் துகள் பலகைக்கு மூலப்பொருள்.

துண்டுகளைச் சீவி, ஈரம் இரண்டு மூன்று சதவீதத்துக்கு இறங்கும்வரை உலர்த்தி, சலித்துப் பிரிப்பார்கள். அப்புறம் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை கலந்து, நடுவில் பருமனான துகள்களும் மேலும் கீழும் நுண்துகளுமாகப் பரப்பி, 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் அழுத்துவார்கள். ஈரம் கூடிவிட்டால் உள்ளே நீராவி அடைபட்டு, அழுத்தம் விட்டதும் பலகை பிளந்துவிடும். பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு அளவு மீறினால் ஏற்றுமதிச் சரக்கு திரும்பி வரும். ஜப்பான்காரர்கள் இதில் ரொம்பக் கறார். ஆக, அங்கே சம்பளமும் மதிப்பும் உள்ள ஆட்கள் அழுத்த இயந்திரத்தின் கட்டுப்பாட்டு அறையிலும் தரச் சோதனைக் கூடத்திலும் பராமரிப்புப் பிரிவிலும் பாய்லர் பக்கமும் இருக்கிறார்கள். பலகை அடுக்கும் இடத்தில் தொடங்குகிற பையன் பல வருடம் அங்கேயே அடுக்கிக்கொண்டிருப்பான். நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

அதனால் ஆலையில் கேளுங்கள்: இது எஸ்.எல்.டி.என். எனும் தேசிய இரட்டைப் பயிற்சித் திட்டமா? அப்படியென்றால் முக்கால்வாசி நேரம் ஆலையிலும் மீதி வகுப்பிலும் கற்று, எஸ்.கே.எம். எனும் மலேசியத் திறன் சான்றிதழ் பெறலாம். மூன்றாம் நிலை முடித்தால் நான்காம் நிலையான டிப்ளோமாவுக்குப் போக வழியுண்டு. சான்றிதழ் கிடையாது, ஆறு மாதம் "பழகிப் பார்க்கட்டும்" என்றால் அது பயிற்சியே இல்லை, மலிவான ஆள் எடுப்பு.

தூசி விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. மரத்தூள், ஃபார்மால்டிஹைடு இரண்டையுமே உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியிருக்கிறது. காற்றில் தூள் அடர்ந்தால் தீப்பொறியில் வெடிக்கவும் செய்யும். ஒருமுறை மகனோடு நேரில் போய்ப் பாருங்கள். தூசி உறிஞ்சும் குழாய்கள் ஓடுகின்றனவா, உத்தரங்களின் மேல் தூள் படிந்து கிடக்கிறதா, ஆட்கள் முகமூடியும் காதடைப்பானும் போட்டிருக்கிறார்களா? உள்ளே விட மறுத்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

மகனுக்கு வேதியியல் பிடிக்கும் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்களே, அதை நீங்கள் சாதாரணமாக விட்டுவிட்டீர்கள். எஸ்.பி.எம்.மில் அறிவியல் பாடங்கள் தேறியிருந்தால் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடித்துவிட்டு, செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் வனவியல் புலத்துக்கோ, பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொழில்துறைத் தொழில்நுட்பப் பள்ளிக்கோ விண்ணப்பிக்கலாம். பசை, பலகை ஆராய்ச்சியெல்லாம் அங்கே நடக்கிறது. யு.ஐ.டி.எம். (மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) பூமிபுத்ரா (மலாய், பூர்வகுடி) மாணவர்களுக்கு மட்டும் என்பதால் அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

ஆலைக் கடிதத்தில் பிரிவும் சான்றிதழும் குறிப்பிடப்பட்டிருந்தால் கையெழுத்துப் போடுங்கள். இல்லையென்றால் பந்திங்கில் மரத்தொழில் வாரியம் நடத்தும் விஸ்டெக் பயிற்சி மையத்தில் அடுத்த சேர்க்கை எப்போது, பி.டி.பி.கே. எனும் திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்தின் கல்விக் கடன் கிடைக்குமா என்று மகனையே விசாரிக்கச் சொல்லுங்கள்.